விசுக்கு சும்மா இருந்த வருஷம்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தை விட்ட அன்றே அதுவும் அவளை விட்டுப் போய்விட்டது. தெருவுக்கு அவள் விசுக்கு. விசுக்கென்று எழுவாள், விசுக்கென்று போவாள். கடைக்குக் கிளம்பியவள் போய்த் திரும்பிவிட்டாளா, இல்லை இன்னும் கிளம்பவே இல்லையா என்று எதிர்வீட்டுக்காரி குழம்பிப்போகிற மாதிரி வந்து நிற்பாள். "கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்டி" என்றால், "மெதுவாப் போறதுக்கு வேற ஆளா இல்ல? அதை அவங்க பாத்துக்கட்டும்" என்பாள். மாமியார்க்காரி மட்டும், "காலுல சக்கரத்தைக் கட்டி அனுப்பிட்டாங்க இவங்க வீட்டுல" என்று, புகாரா பெருமையா எனப் பிடிபடாத குரலில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு வருஷம் முழுக்கச் சும்மா இருந்தாள் என்று நாட்டின் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதுதான் இங்கே கதை. சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துவிடுங்கள். போகப்போக அதற்கு இடம் குறைந்துகொண்டே வரும்.

வீடு என்று பார்த்தால் முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, ஓரத்தில் ஒண்டிக்கொண்டு ஒரு சமையல் மூலை. முன்னறையில் மாமியாரின் கட்டில். விசுக்கின் கணவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். வண்டி ஓடுகிற நாளில் அவன் பேச்சில் ஒரு மிடுக்கு இருக்கும், ஓடாத நாளில் அதே மிடுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ஒரே மகள், பத்தாவது படிக்கிறாள். பின்னறைதான் விசுக்கின் ராஜ்ஜியம். அங்கே பகலெல்லாம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

செருப்புக்கு வார் ஒட்டுகிற சத்தம் அது. தெருமுனையில் இரண்டு முறை ஹாரன் அடித்தால் மூட்டைக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம். மொபெட்டின் பின்னால் ஒரு மூட்டையில் வெறும் அடிப்பாகம், இன்னொன்றில் வார், காலுக்கு நடுவில் ஒரு தகர டின். டின்னில் இருக்கும் பசைக்கு எல்லோரும் சொல்வது 'சொல்யூஷன்' என்றுதான். தேய்ந்த பல் துலக்கும் பிரஷால் அதைத் தொட்டு இரண்டு பக்கமும் தடவ வேண்டும். பிசுக்கு ஏறும்வரை பொறுத்திருந்து வாரை வைத்து அழுத்த வேண்டும். அப்புறம் மரச் சுத்தியால் ஒரு தட்டு. விசுக்கின் கை வேகத்துக்கு மூட்டைக்காரரே வாயைப் பிளப்பார்.

எப்போதும் சிரித்த முகம் அந்த மனிதருக்கு. கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. "தங்கச்சி, காத்து பட்டா சொல்யூஷன் காஞ்சிடும், சன்னலைச் சாத்திக்க. ஃபேனும் வேணாம்" என்பார். "வாசனை தெருவுக்குப் போனா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். யாராவது வந்து கேட்டா, வேலை கீலைன்னு சொல்லி வெக்காதம்மா. சும்மா இருக்கேன்னு சொல்லிடு. மேல கேள்வி வந்தா மூட்டை வராது, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அதற்கும் சிரிப்பார்.

மூடிய அறையில் அந்த வாசனை தித்திப்பாக, பெட்ரோல் மாதிரியும் இல்லாமல் பழம் மாதிரியும் இல்லாமல் சுற்றிக்கொண்டு நிற்கும். ஆரம்பத்தில் சாயங்காலமானால் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. பிறகு அது நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் வாசனையே தெரியாமல் போனது. பழகிவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள், பாவி.

கணக்கெடுக்கிற பெண் முதல் முறை வந்தது அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் ஒரு டேப்லெட். நாட்டில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். வீடு வீடாகக் கேட்டு மாளாது என்பதால் குலுக்கிப் போட்டதில் இந்த வீடு விழுந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாக நான்கு தடவை வருவாளாம். மாமியார் அவளுக்கு அங்கேயே 'கணக்கம்மா' என்று பெயர் வைத்துவிட்டாள்.

டேப்லெட்டில் கேள்வி என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது: 'கடந்த ஏழு நாட்களில் கூலிக்காகவோ இலாபத்துக்காகவோ ஒரு மணி நேரமாவது ஏதேனும் வேலை செய்தீர்களா?' இதை அப்படியே வாசித்தால் கேட்பவர்கள் 'ஆங்?' என்று முழிக்கிறார்கள். வெயிலில் எத்தனை வாசலில்தான் அந்தப் பெண்ணும் திரும்பத் திரும்ப வாசிப்பாள்? அவள் அதைச் சுருக்கி, நாமெல்லோரும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"அக்கா, நீங்க வேலைக்குப் போறீங்களா?"

விசுக்கு பின்னறையிலிருந்து எழுந்து வந்து நிற்கிறாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோலாக உரிகிறது. ஒரு செருப்பு பிசுக்கு ஏறும் பதத்தில் உள்ளே காத்திருக்கிறது. சீக்கிரம் போய் அழுத்த வேண்டும்.

"இல்லீங்க. வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

பொய் சொன்னாள் என்று யாரும் எண்ண வேண்டாம். அவள் வரையில் அது சத்தியமான பதில். வேலை என்றால் போக வேண்டும். போவதற்கு ஓர் இடம் வேண்டும், அதற்கு ஒரு கேட் வேண்டும், ஏன் தாமதம் என்று கேட்க அங்கே ஓர் ஆள் வேண்டும். இவள் எங்கே போனாள்? வேலையல்லவா மொபெட்டில் ஏறி இவளிடம் வந்துகொண்டிருந்தது! அதற்கு அந்த வீட்டில் 'மூட்டை' என்றுதான் பெயர். கணக்கம்மாவின் விரல் திரையில் ஓரிடத்தைத் தொட்டது. நாட்டில் வேலையில் இல்லாத பெண்களோடு ஒருத்தி சேர்ந்தாள்.

போகும்போது அந்தப் பெண்ணின் கழுத்தில் ஆடிய அட்டையையே விசுக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் மகளிடம், "நீயும் இப்படி ஒண்ணை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போகணும்டி. இந்த மூட்டைப் பிழைப்பு என்னோட முடியட்டும்" என்றாள்.

"அப்ப நீ எனக்கு சாப்பாடு கட்டித் தருவியா?"

"கட்டித் தரேன். உனக்கு முன்னாடி ஓடிப்போய் பஸ்ஸையும் நிறுத்தி வெக்கிறேன்."

அவளால் நிஜமாகவே பஸ்ஸை ஓடி நிறுத்த முடியும். அப்போது முடிந்தது.

சில வாரம் கழித்து, கடையிலிருந்து வரும்போது எதிர்வீட்டுக்காரி பின்னாலிருந்து கத்தினாள். "ஏ விசுக்கு! செருப்பு இங்க கெடக்கு, நீ பாட்டுக்கு ஒத்தக் காலோட எங்கடி ஓடுற?" தெருவே சிரித்தது. பத்துத் தெருவுக்குச் செருப்பு ஒட்டுகிறவள் தன் செருப்பைப் போட்டுக்கொள்ளத் தெரியாமல் நிற்கிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? விசுக்கும் வயிறு வலிக்கச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் பார்த்தாள், உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில்லு குத்திக்கொண்டு நிற்கிறது. ரத்தம் வந்து காய்ந்தும் போயிருக்கிறது. வலியே இல்லை.

அதற்குப் பிறகு காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு எறும்பும் ஊரவில்லை. காலுறை போட்ட மாதிரி மதமதவென்று ஆனது. கணவன், "ரத்தம் ஓடலைன்னு நினைக்கிறேன், ஒரு எட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு வா" என்றான். போனாள்.

டாக்டர் நல்ல மனிதர், வயதானவர், அவசரப்படாதவர். அவளைப் படுக்க வைத்து, "கண்ணை மூடிக்கம்மா. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லு" என்றார்.

விசுக்கு கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சுவரில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. வெளியே யாரோ இருமினார்கள்.

"இன்னும் தொடலையே டாக்டர்?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்மா" என்றார் அவர்.

அவள் விசுக்கென்று கண்ணைத் திறந்தாள். அவருடைய கட்டைவிரல் அவள் கால் சுண்டுவிரலை அழுத்திப் பிடித்திருந்தது. டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"வேலை எல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர். வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

அட, பேச்சே மூச்சாக இருக்கிற பெண்ணே! மூட்டைக்காரரைப் பற்றி, டின்னைப் பற்றி, சாத்திய சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரக் கூடாதா? சொல்யூஷன் என்று ஒரு சொல் விழுந்திருந்தால் அந்த டாக்டர் துள்ளி எழுந்திருப்பார். மூடிய அறையில் அந்த மாதிரிப் பசையின் ஆவியை மாதக்கணக்கில் மோந்தால் கால் நரம்பைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் எதிரே இருப்பவள் வீட்டில் சும்மா இருக்கிறவள். சத்துக் குறைவு என்று எழுதி, மாத்திரை கொடுத்து, "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்காதீங்கம்மா, கொஞ்சம் காலாற நடங்க" என்று புத்திமதி சொல்லி அனுப்பினார். விசுக்கை நடக்கச் சொன்ன ஒரே ஆள் உலகத்தில் அவர்தான்.

இரண்டாம் முறை கணக்கம்மா வந்தபோது வண்டி ஓடாத நாள். கட்டிலில் மாமியார், வாசலில் நாற்காலி போட்டுக் கணவன்.

"வீட்டுக்காரம்மா இருக்காங்களா?"

"என்னையே கேளுங்க. வீட்டுக்குப் பெரியவன் நான்தான்." வீட்டுக்குப் பெரியவள் கட்டிலிலிருந்து கனைத்தாள், அவன் கண்டுகொள்ளவில்லை.

"சரி. அவங்க வேலைக்கு..."

"அவளா? அவ சும்மாதான் இருக்கா. சம்பாதிக்க நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவ எதுக்கு வேலைக்குப் போகணும்?"

உள்ளே 'டொக் டொக்'.

"அது என்ன சத்தம்?"

"அதுவா... பொழுது போகாம எதையாவது தட்டிக்கிட்டு இருப்பா."

சத்தம் நின்றது. விசுக்கு பின்னறை நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முன்பெல்லாம் அவளுக்கு நிலை, சுவர், எதுவும் தேவைப்பட்டதில்லை. கணக்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கணக்கம்மாவின் கண் கலங்கியிருந்தது; இரக்கத்தால் என்று நினைத்துவிட வேண்டாம், பின்னறையிலிருந்து வந்த காற்றால். "என்னக்கா நெடி இது, பெயின்ட் அடிச்சீங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமியார்தான் பேச்சை மாற்றினாள். "உனக்கு இது நிரந்தர வேலையாம்மா?"

"நிரந்தரம் எங்க, பாட்டி! இந்தக் கணக்கு முடியற வரைக்கும்தான். அப்புறம் நானும் வீட்டுல சும்மாதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

கால் போனது போதாதென்று கையும் தளர்ந்தது. பிரஷ் அவள் அறியாமல் விரலிலிருந்து நழுவியது. வார் கோணலாக ஒட்டியது. மூட்டைக்காரர் கோணலாக இருந்ததை மட்டும் தனியே எடுத்து வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, சிரித்தபடியே போனார். ஒரு வரிசை முழுக்க இருந்தது. மாமியார், "புள்ளையும் ஒரு கை குடுத்தா என்ன? பள்ளிக்கூடம் விட்டு வந்து சும்மாதானே இருக்கா" என்றாள்.

"அவ படிக்கட்டும் அத்தை."

"படிக்க வேண்டாம்னு யாரு சொன்னா? ஒரு கைதானே கேட்டேன்!"

ஒரு கை கொடுக்க வந்த மகளுக்கு அம்மாவின் கை அப்படியே வாய்த்திருந்தது. தடவல், பொறுத்தல், அழுத்தல், தட்டு. குட்டி விசுக்குதான். மகளின் வேகத்தைப் பார்த்து விசுக்கு பெருமைப்பட்டாள், பெருமைப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். முதலில் சாயங்காலம் மட்டும். அப்புறம் காய்ச்சல் என்று சொல்லி ஒரு நாள் லீவு. அப்புறம் காய்ச்சல் என்று சொல்லவும் யாரும் மெனக்கெடவில்லை. "தலை கிறுகிறுங்குதும்மா" என்றாள் மகள் ஆரம்பத்தில். பிறகு ஒரு நாள், "இப்பல்லாம் அந்த வாசனையே தெரியலம்மா, பழகிடுச்சு" என்றாள்.

மூன்றாம் முறை வந்த கணக்கம்மா வேறு மாதிரி இருந்தாள். திரையில் இருக்கிறபடி வார்த்தை மாறாமல் வாசிக்க வேண்டும் என்று மேலதிகாரி வறுத்தெடுத்திருக்கிறார். அதனால் சுருக்கவில்லை. விசுக்கு வாசல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, எதிரே உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக வாசித்தாள்: "கடந்த ஏழு நாட்களில், கூலிக்காகவோ இலாபத்துக்காகவோ, ஒரு மணி நேரமாவது..."

"ஒரு மணி நேரமா?" என்றாள் விசுக்கு. "வீட்டுலயே செஞ்சாலுமா?"

"வீட்டுல செஞ்சாலும்க்கா."

"இதை நீங்க முதல்லயே இப்படிக் கேட்டிருக்கலாமே கணக்கம்மா!" அவள் முகத்தில் பழைய விசுக்கு எட்டிப் பார்த்தாள். "கேளுங்க, நான் சொல்றேன். காலையில உக்காந்தேன்னா..."

தெருமுனையில் ஹாரன் இரண்டு முறை அடித்தது.

மூட்டைக்காரர் மொபெட்டை நிறுத்திவிட்டு, தோளில் மூட்டையோடு வந்து நின்றார். அட்டையைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். "யாரும்மா இது?" என்றார் சிரித்தபடி. மூட்டையை இறக்கவில்லை. இறக்காமல் தோளிலேயே வைத்துக்கொண்டு விசுக்கின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான் இருக்கேன்" என்றாள் விசுக்கு.

மூட்டை தரையில் இறங்கியது.

கணக்கம்மாவுக்குக் கண் இல்லையா? மூட்டையும் தெரிகிறது, டின்னும் தெரிகிறது. குனிந்து, தணிந்த குரலில் சொன்னாள். "எனக்குத் தெரியுதுக்கா. ஆனா நான் பாக்குறதை எழுத முடியாது. நீங்க சொல்றதைத்தான் எழுத முடியும்." விசுக்கு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் விரல் பட்டது.

அவள் போன பிறகு மூட்டைக்காரர் இன்னொரு மூட்டையையும் கொண்டுவந்து இறக்கினார். "இது பின் தெரு அம்மாவோடது தங்கச்சி. அதையும் நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க. அவங்களுக்கு முடியல."

"என்ன ஆச்சு?"

"காலு வரலையாம். வாதம்ங்கறாங்க."

"அண்ணே, அவங்களும் சன்னலைச் சாத்திக்கிட்டுத்தான் ஒட்டுவாங்களா?"

"எல்லா வீட்டுலயும் அப்படித்தானேம்மா" என்றார் அவர். அந்த ஒரு தடவை அவர் சிரிக்கவில்லை. சட்டென்று மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரே மாதிரி இரண்டு வீடு, இரண்டு பெண், இரண்டு ஜோடிக் கால். இன்னும் எத்தனை? ஒரு காலையில் எழுந்து நிற்கப் போனவள் அப்படியே மடிந்து விழுந்தாள். அதன் பிறகு எழவில்லை. முன்னறையில் மாமியாரின் கட்டிலுக்குக் கீழே அவளுக்குப் பாய் விரித்தார்கள். பின்னறையில் அவள் இடத்தில் மகள் உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்தச் சொல்யூஷன் மேலதான் சந்தேகமா இருக்குங்க" என்றாள் கணவனிடம். "புள்ளைய அதுல உக்கார வெக்க வேணாம். எனக்கு பயமா இருக்கு."

அவனுக்கும் பயம்தான். பயந்தால் குரலை உயர்த்துகிற சாதி அவன். "இத்தனை பேரு ஒட்டுறாங்க, எல்லாருமா விழுந்துட்டாங்க?" என்று இரைந்தான். பிறகு அவள் காலைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். "சரி விடு. இந்த ரெண்டு மூட்டையையும் முடிச்சுக் குடுத்துட்டு நிறுத்திடலாம். பாதியில எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

இந்த மூட்டையோடு சரி என்றுதான் பேச்சு. மூட்டைக்காரர் மட்டும் ஒரு மூட்டை தீருவதற்குள் அடுத்ததைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிடுவார்.

பாயில் கிடந்தபடி விசுக்கு கணக்கம்மாவுக்காகக் காத்திருந்தாள். மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை யார் வந்து நின்றாலும் சரி, எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி. நான் வேலை செய்தேன், அந்த வேலைதான் என் காலைப் பிடுங்கியது என்று அரசாங்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் யாராவது வருவார்கள். வந்து டின்னைத் தூக்கிப் பார்ப்பார்கள். மகள் எழுந்து பள்ளிக்கூடம் போவாள்.

நான்காம் முறை கணக்கம்மா வந்தாள். கணவன் வண்டியோடு போயிருந்தான், மாமியார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாயைப் பார்த்ததும் அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அக்கா..."

"உக்காருங்க. இன்னைக்கு ஒழுங்கா எழுதுங்க. நான் வேலை செஞ்சேன். வருஷக்கணக்கா செஞ்சேன். எழுதுங்க."

கணக்கம்மா உட்கார்ந்தாள். டேப்லெட்டைத் திறந்தாள். "கடந்த ஏழு நாள்ல..."

"ஏழு நாளா?" விசுக்கு தடுமாறினாள். "ஏழு நாள்ல எப்படிச் செய்வேன்? எழுந்திருக்கவே முடியலையே. அதுக்கு முன்னாடி செஞ்சேன்னு எழுதுங்க."

"முன்னாடி செஞ்சதுக்கு இதுல இடமில்லக்கா. வேலை தேடுனீங்களா?"

"படுத்துக்கிட்டா?"

"வேலை கிடைச்சா செய்யத் தயாரா இருக்கீங்களா?"

போர்வைக்குள் இரண்டு கால்களும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடந்தன. கணக்கம்மாவின் விரல் திரையில் தயங்கித் தயங்கி நகர்ந்தது.

"எங்க போட்டீங்க என்னை?"

"போன மூணு தடவை போட்ட அதே இடத்துலதான்க்கா."

"அப்ப விடிஞ்சதுலேர்ந்து முதுகு ஒடிய உழைச்சப்பவும் நான் சும்மா இருந்தேன். இப்ப கால் போய்க் கெடக்கறப்பவும் சும்மா இருக்கேன். ரெண்டும் ஒண்ணுதானா?"

"இதுல ஒண்ணுதான்க்கா."

"நீங்க வீடு வீடாப் போறீங்களே கணக்கம்மா. இந்த வாசனை அடிக்கிற வீடு எத்தனை இருக்கு?"

கணக்கம்மா பின்னறைப் பக்கம் பார்த்தாள். "நிறைய இருக்குக்கா" என்றாள் மெல்ல. "எல்லா வீட்டுலயும் சும்மாதான் இருக்காங்க."

பின்னறையில் 'டொக்' என்று ஒரு தட்டு விழுந்தது. கணக்கம்மா திரையைப் பார்த்தாள்.

"மகளுக்குப் பதினஞ்சு முடிஞ்சிடுச்சுல்ல? இந்தத் தடவை அவளையும் கேக்கணும். படிக்கிறாளா?"

"லீவு போட்டிருக்கா."

"வேலை... ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாவது..."

சொல்ல வேண்டும் என்று காத்திருந்த வாய்தான் அது. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு, பிள்ளையைப் பற்றிச் சொல்வது வேறு. படிக்க வேண்டிய பிள்ளையை வேலைக்கு வைத்தாயா என்று நாளைக்கு யாராவது வாசலில் வந்து நின்றால்? கணவனை இழுத்துக்கொண்டு போனால்? பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டால் கழுத்தில் அட்டை எப்படித் தொங்கும்? இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, இந்த மூட்டையோடு சரி, நாளைக்கே அவளை எழுப்பிவிடலாம். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் அவள் தலையில் ஓடி முடிந்தது. கால்தான் போனதே தவிர மனசு இன்னும் விசுக்குத்தான்.

"அவ சும்மாதான் இருக்கா" என்றாள்.

கணக்கம்மா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரையைத் தொட்டாள். ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. "போயிடுச்சுக்கா. இனிமே நான் வர மாட்டேன், உங்க வீட்டுக் கணக்கு முடிஞ்சுது. உடம்பைப் பாத்துக்குங்க." பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். "பாப்பா, கதவைச் சாத்திக்க."

மகள் பின்னறையிலிருந்து விசுக்கென்று ஓடி வந்தாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கதவு வரைக்கும் போய் வழியனுப்பினாள். கதவைத் தள்ளுகிற சத்தம் கேட்டது. கூடவே கணக்கம்மாவின் சிரிப்பும்.

"ஏ பாப்பா! செருப்பு இங்கயே கெடக்கு, ஒத்தக் காலோட ஓடுற!"

மகளும் சிரித்தாள். நல்ல கணீரென்ற சிரிப்பு.

பாயில் கிடந்த விசுக்கு போர்வையை விலக்கினாள். கையை ஊன்றி, சுவரைப் பிடித்து, எப்படியோ எழுந்து உட்கார்ந்தாள். மகள் ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுமையுமாக உள்ளே வந்தாள்.

"இங்க வாடி."

"ஒட்டுறதுக்கு வெச்சது காஞ்சிடும்மா, அழுத்திட்டு வந்துடறேன்."

"காஞ்சு நாசமாப் போகட்டும். வந்து உக்காரு. காலை நீட்டு."

மகள் புரியாமல் உட்கார்ந்து, காலை அம்மாவின் மடிப்பக்கம் நீட்டினாள். வெறுங்காலில் புழுதி. விரல் இடுக்கில் காய்ந்த பசை.

"கண்ணை மூடு. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லு."

"எதுக்கும்மா?"

"கேள்வி கேக்காத. மூடு."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. விசுக்கு அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்தாள். தன் கையில் பலமில்லை, அதனால்தான் தெரியவில்லையோ என்று இரண்டு கையாலும் பிடித்தாள். அப்புறம் அடுத்த விரலை. அப்புறம் பெருவிரலை, நகம் பதியக் கிள்ளினாள். நகம் தோலில் இறங்கிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மகளின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"தொடும்மா" என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல். "ஏன் சும்மா இருக்க?"